மங்கோல் சூரக்: தற்கால மங்கோலிய ஓவியத்தில் மரபு

மங்கோல் சூரக் என்பது மங்கோலியாவின் தேசிய ஓவியப் பாணி ஆகும். தட்டையான நிறப்பரப்பு, நுண்ணிய கோடுகள், ஒரே படத்தில் பல காட்சிகள் ஆகியவை இதன் இயல்புகள். பௌத்த மடங்களில் துணியில் வரையப்பட்ட தங்கா ஓவியங்கள் இதன் வேர்களுள் முதன்மையானவை. இப்பாணியை மாறாத பழமை என்று கருதுவோர் உண்டு. அதன் வரலாறு வேறுவிதமாக இருக்கிறது.

பால்டூகின் சாரவ் (1869–1939) மடத்தில் பயின்ற ஓவியர். அவருடைய புகழ்பெற்ற 'மங்கோலியாவின் ஒரு நாள்' உலான் பத்தூரில் உள்ள சனபசார் நுண்கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. தங்காவில் நடுவே தெய்வம் வீற்றிருக்கும். சாரவின் படத்திலோ நடு என்று ஓர் இடமே இல்லை. திருமணம், சாவு, ஆட்டு மயிரை அடித்துக் கூடார விரிப்புச் செய்தல் என எல்லாம் சம அளவில் பரவிக் கிடக்கின்றன. தெய்வங்களை வரைந்த கோடு எளிய மக்களை வரைந்தது. அக்காலத்தில் இதுவே புதுமை. அதே ஓவியர் பின்னர் லெனினையும் வரைந்தார்.

1930களின் இறுதியில் மடங்கள் அழிக்கப்பட்டன. துறவிகள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டனர். சோவியத் வழிவந்த சோசலிச யதார்த்தவாதமும் எண்ணெய் வண்ணமும் மேலோங்கின. எனினும் ஊர்ஜிங்கின் யாதம்சூரென் 1958-இல் வரைந்த முதிய இசைக்கலைஞரின் ஓவியம், மரபுப் பாணி அழிந்துவிடவில்லை என்பதற்குச் சான்று.

1990-இன் சனநாயகப் புரட்சிக்குப் பின் சமய உருவங்கள் தடையின்றித் திரும்பின. பாத்தர்சோரிக் பட்ஜர்கல் பௌத்தப் பட அமைப்புக்குள் அரசியல், வணிகச் சின்னங்களை வைக்கிறார். உரிந்துயா தக்வசாம்பு நகரப் பெண்ணின் அன்றாடத்தை நுண்கோடுகளில் வரைகிறார். நோமின் போல்டும் பட்ஜர்கலும் 2017-இல் டாக்குமெண்டா 14 கண்காட்சியில் பங்கேற்றனர்.

இவர்களுள் உரிந்துயாவே சாரவுக்கு மிக நெருக்கமானவர் எனலாம். அவர் சாரவின் காட்சிகளை நகல் எடுக்கவில்லை. அன்றாடத்தை மதிக்கும் பார்வையை எடுத்துக்கொண்டார். பட்ஜர்கலின் கிண்டல் கூர்மையானது. ஆனால் சின்னங்கள் நெருங்கும்போது ஓவியம் விடுகதையாகிவிடும் அபாயம் உண்டு. சுற்றுலாப் பயணிகளுக்காக மீண்டும் மீண்டும் வரையப்படும் குதிரைப் படங்களிலோ மரபின் பெயர் மட்டுமே மிஞ்சுகிறது.

ஆகவே ஒரு மங்கோலிய ஓவியத்தைப் பார்க்கும் மாணவர், அதில் குதிரையும் கூடாரமும் உள்ளனவா என்று தேட வேண்டியதில்லை. யாருடைய வாழ்க்கைக்கு அந்த ஓவியம் இடம் தருகிறது என்று பார்த்தால் போதும்.