நாரும் பூவும்

திருகோணமலையில் நாட்காட்டி பார்க்காமலே மாதம் சொல்லலாம். முற்றத்துப் பூவைப் பார்த்தால் போதும். சித்திரையில் கொன்றை மஞ்சள் சரம் தொங்கவிடும். கச்சான் காற்று மண்ணை வறுக்கும் மாதங்களில், கிணற்றடி ஈரத்தை நம்பி மல்லிகை மொட்டுவிடும். மாரி இறங்கியதும் வேலியோரம் கார்த்திகைப்பூ சுடர்போல ஏறும். அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு. ஆண்டு முழுதும் கைகொடுக்கச் செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் உண்டு.

ஊர்க் கோயிலில் கோணேசருக்கு மாலை கட்டும் கையைக் கவனியுங்கள். நனைத்த வாழைநார்; இரண்டு பூ இப்பக்கம், இரண்டு அப்பக்கம், காம்புகள் நடுவில்; ஒரு சுற்று, ஒரு முடிச்சு. இறுக்கினால் காம்பு அறும், தளர்ந்தால் பூ உதிரும். செவ்வரத்தைக்கு ஒரு பகல்தான் ஆயுள். அதைக் கடைசியில் சேர்ப்பதுதான் கைப்பக்குவம்.