மூணு மார்க் அழகு

பீருக்கு மார்க் போடும் பேப்பரைப் பார்த்திருக்கிறீர்களா? அமெரிக்காவின் பி.ஜே.சி.பி. என்ற அமைப்பு தன் நடுவர்களுக்குத் தருவது. மொத்தம் 50. வாசனைக்கு 12, நிறம், நுரை வகையறா அழகுக்கு வெறும் 3, ருசிக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கு 5, ஒட்டுமொத்த அபிப்பிராயத்துக்கு 10. (கூட்டிப் பார்த்துவிட்டேன், கணக்கு சரி. படித்தது பி.காம்.!)

ஒவ்வொரு ரகத்துக்கும் தனி சிலபஸ். ஜெர்மன் கோதுமை பீரில் வாழைப்பழ வாசனை வந்தால் சபாஷ். அதே வாசனை பில்ஸ்னரில் வந்தால் மார்க் போச்சு. யாரும் பழத்தை நறுக்கிப் போடுவதில்லை சார், எல்லாம் ஈஸ்ட் செய்யும் வேலை.

இதுவரை நியாயம்தான். என் சண்டை, எல்லா ரகத்தையும் ஒரே மூட்டையில் கட்டி 'உலகின் சிறந்த பீர்' என்று ரசிகர்கள் போடுகிற பட்டியலோடு. 2005-ல் அப்படி முதலிடம் பிடித்தது பெல்ஜியத்துத் துறவிகள் காய்ச்சும் வெஸ்ட்விளேட்டரன் 12. ஆல்கஹால் 10.2 சதவிகிதம். மடத்து வாசலில் கார்கள் வரிசை கட்டின. உற்பத்தியைக் கூட்ட மாட்டோம் என்றுவிட்டார்கள் துறவிகள். அவர்களுக்கு ஒரு கும்பிடு.

ஆனால், இங்கிலாந்தின் பிட்டர் என்ன பாவம் செய்தது? நாலு சதவிகிதம் சொச்சம்தான். அரட்டையடித்தபடி ஒரு பைன்ட் முழுக்கக் குடிப்பதற்கென்றே பிறந்தது. அதை ரெண்டே ரெண்டு வாய் ருசித்தால் சப்பென்றுதான் இருக்கும். முதல் ரெண்டு ஓவரைப் பார்த்துவிட்டு திராவிடுக்கு மார்க் போடுகிற கதை.

இனி யாராவது பட்டியலோடு வந்தால், கடைசியில் எந்த பாட்டில் முதலில் காலியாச்சு என்று கேளுங்கள்.