நீளமும் கூர்மையும்: ‘சோல்காலிபர்’ விளையாட்டின் நிறைகுறைகள்

இருவர் எதிரெதிர் நின்று பொருதும் வீடியோ விளையாட்டுகள் பல உள. அவற்றுள் ஆயுதம் தாங்கிய வீரரைக் காட்டுவன சிலவே. அச்சிலவற்றுள்ளும் ஆயுதம் பெரும்பாலும் அணிகலனாகவே நின்றுவிடுகின்றது. வாளைப் பிடுங்கிவிட்டு வெறுங்கையோடு நிறுத்தினாலும் ஆட்டம் பெரிதாக மாறாது. இவ்வழக்கிலிருந்து விலகி, ஆயுதத்தையே ஆட்டத்தின் இலக்கணமாக வகுத்துக்கொண்ட பெருமை ஜப்பானின் நாம்கோ நிறுவனம் 1998இல் வெளியிட்ட ‘சோல்காலிபர்’ விளையாட்டுக்கு உண்டு. முதலில் காசு போட்டு ஆடும் இயந்திரமாக வந்த அது, 1999இல் சேகா நிறுவனத்தின் டிரீம்காஸ்ட் கருவிக்கு மாற்றப்பட்டபோது மூலத்தினும் அழகிய காட்சிகளோடு வெளிவந்தது. ‘ஃபாமிட்சு’ என்னும் ஜப்பானிய இதழ் அதற்கு 40க்கு 40 புள்ளிகள் வழங்கிற்று. இத்துணைப் புகழ் பெற்ற ஒன்றில் குறை தேடுவானேன் எனச் சிலர் வினவக்கூடும். புகழ் பெற்றதையே நுணுகி நோக்க வேண்டும். பின் வருவோர் அதன் நிறையோடு குறையையும் சேர்த்தே பின்பற்றுவர்.

இவ்விளையாட்டின் தலையாய சிறப்பு யாதெனின், ஆயுதத்தின் நீளத்திற்கு அது தரும் மதிப்பாகும். கிலிக் என்பான் கையில் நெடுங்கம்பு. டாக்கி என்பாளிடம் இரு குறுவாள்கள். கிரேக்கப் பெண் சொஃபிட்டியா குறுவாளும் கேடயமும் ஏந்துகிறாள். நைட்மேர் என்னும் கொடியோன் சுமப்பது ஆளுயர வாள். கம்புடையான் எட்ட நின்றே அடிக்கலாம். குறுவாளினள் அத்தொலைவைக் கடந்து உள்ளே புகுதல் வேண்டும். புகுந்துவிட்டாளாயின் நெடுங்கம்பே அவனுக்குச் சுமையாகின்றது. ஆளுயர வாள் ஒருமுறை இலக்குத் தவறினால், அது திரும்பி வருவதற்குள் எதிரி வேண்டியதைச் செய்துகொள்ளலாம். ஆங்கிலப் பெண் ஐவியின் வாளோ துண்டு துண்டாகக் கழன்று சங்கிலிச் சாட்டையாய் நீளும். எவ்வளவு தொலைவு பாதுகாப்பானது என்னும் எதிரியின் கணக்கு அங்கே பொய்த்துப் போகும். ஆக, வலிமையைவிட இடைவெளியை அளக்கும் கண்ணே இங்கு வெற்றி தருவது.

அவ்விடைவெளியை ஆள்வதற்கு இவ்விளையாட்டு தந்த கருவியே எட்டுத் திசை ஓட்டம். அதற்கு முந்திய முப்பரிமாணப் போர் விளையாட்டுகள் பலவற்றில் பக்கவாட்டு நகர்வு ஒரு சிறு விலகலாகவே இருந்தது. இதிலோ கைப்பிடியை எத்திசையில் சாய்த்துப் பிடித்தாலும் வீரன் அத்திசையில் தடையின்றி நடப்பான், ஓடுவான். இதனால் நேர்ந்த பெரும்பயன் வேறொன்றாகும். வெட்டின் திசைக்கே பொருள் உண்டாயிற்று. செங்குத்தாக இறங்கும் வெட்டு பெரும்பாலும் வலிமை மிக்கது. குனிந்து பதுங்கியவனையும் தாக்கும். ஆனால் பக்கம் விலகியவனைத் தீண்டாது. கிடையாக வீசும் வெட்டு, சுற்றி ஓடுபவனைப் பிடிக்கும். ஆனால் அத்தகைய வெட்டுகளில் பல குனிந்தவன் தலைக்கு மேலே போய்விடும். இருவகை வெட்டுக்கும் ஒவ்வொரு பொத்தான், உதைக்கு ஒன்று, காப்புக்கு ஒன்று என நான்கே பொத்தான்கள். இவ்வளவு சிக்கனத்தில் இவ்வளவு பொருளைப் பொதிந்து வைத்தது வியத்தற்குரியது.

காக்கும் கலையிலும் புதுமை உண்டு. எதிரியின் அடி வந்து படும் கணத்தில் கைப்பிடியை முன்னோ பின்னோ தள்ளிக் காப்புப் பொத்தானை அழுத்தினால், அவ்வடியை ஆயுதத்தாலேயே தட்டிவிடலாம். தட்டப்பட்டவன் நிலைகுலைவான், ஆயினும் அவனும் அடுத்த அடியை அவ்வாறே தட்டிவிடலாம். தேர்ந்த இருவர் ஆடும்போது வாளோடு வாள் மோதி மாறி மாறித் தட்டும் காட்சி, ஒருவர் மனத்தை மற்றவர் படிக்கும் உரையாடலாகவே மாறுகின்றது.

புதியவர்க்கு இவ்விளையாட்டு மிக எளிது என்பார்கள். அது மெய்யே. கிலிக்கின் கம்பையோ மாக்சியின் நுஞ்சாக்குவையோ கையில் எடுத்துப் பொத்தான்களைக் கண்டபடி அழுத்தினாலும் அழகிய அடிகள் தொடர்ந்து விழும்; பல நாள் பழகியவரும் சில வேளை தோற்பார். இதனைக் குறையென்று கொள்வாரும் உளர். முதல் நாளில் சிரித்து மகிழ்பவனே மறுநாள் கற்க வருவான் என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. மேடையின் விளிம்பைத் தாண்டி விழுந்தவன் அச்சுற்றில் தோற்றான் என்னும் விதியும் இத்தகையதே. உயிர் மிகுதியாக எஞ்சியிருப்பவனும் நிற்குமிடம் மறந்தால் வீழ்வான். எனவே தரைக்கும் ஒரு மதிப்பு உண்டாகின்றது.

தமிழர் ஆர்வத்தோடு நோக்கத்தக்க ஒரு பாத்திரம் வோல்டோ. இத்தாலியனாகக் காட்டப்படும் இக்குருடன் ஏந்துவது கட்டாரி. குறுக்குப் பிடியைக் கைம்முட்டியால் இறுகப் பற்றி, குத்துவிடுவது போல் நேரே பாய்ச்சும் இவ்வாயுதம் இந்தியாவுக்கே உரியது. தஞ்சை ஆயுதச்சாலையிலிருந்த கட்டாரிகள் இன்று அயல்நாட்டு அருங்காட்சியகங்களை அணி செய்கின்றன. விளையாட்டிலோ வோல்டோ நிலத்தில் ஊர்கிறான். முதுகு காட்டி நின்றே போரிடுகிறான். கட்டாரி அவன் கையில் விலங்கின் நகமாகிவிடுகின்றது. பாத்திரம் மறக்கவொண்ணாதது, ஆயுதத்தின் மெய்யான போர்முறை காணாமற்போனது.

பெருங்குறை இனிக் கூறப்படுவது. ஆயுதத்தின் நீளத்தை இத்துணை நுட்பமாக உணர்ந்த படைப்பாளர், அதன் கூர்மையை அறவே மறந்துவிட்டனர். ஆளுயர வாள் தலைமீது இறங்குகின்றது, ஒளி தெறிக்கின்றது, உயிரளவைக் காட்டும் பட்டை சற்றே குறைகின்றது, வெட்டுண்டவன் எழுந்து புதியவனாய் நிற்கிறான். கம்பால் அடித்தாலும் வாளால் வெட்டினாலும் விளைவு ஒருதன்மைத்தே. குருதி வேண்டும் என்பதன்று வாதம். விளைவு வேண்டும் என்பதே. விழுப்புண்ணை வீரத்தின் சான்றாகப் போற்றிய மரபில் வந்தவர்க்குப் புண்படாத வாட்போர் வியப்பையே தரும். 1993இல் வந்த எஸ்.என்.கே. நிறுவனத்தின் ‘சாமுராய் ஷோடவுன்’ ஒரே பெருவெட்டில் உயிரின் பெரும்பகுதியைப் போக்கி அச்சத்தை உண்டாக்கிற்று. 1997இல் வந்த ‘புஷிடோ பிளேடு’ உயிர்ப்பட்டையையும் கடிகாரத்தையும் நீக்கி, நேர்பட்ட ஒரு வெட்டே சாவு என்றது; காலில் வெட்டுண்டவன் மண்டியிட்டே போரிடுவான். அதன் போர் பல வேளை நொடிகளில் முடிந்துவிடும், தேர்ந்தெடுக்க வீரர் அறுவரே என்பன உண்மைதான். எனினும் அங்கே வாள் வாளாகவே இருந்தது.

இக்குறை அறியாமையால் நேர்ந்ததன்று. 1996 இறுதியில் பிளேஸ்டேஷனுக்கு வந்த முன்னைய விளையாட்டான ‘சோல் எட்ஜ்’, ஆயுதத்திற்கும் தனியே ஓர் அளவுப் பட்டை வைத்திருந்தது. ஓயாமல் காப்பெடுப்பவனின் ஆயுதம் தேய்ந்து கையைவிட்டுப் போகும். பின் வெறுங்கையால் போரிட வேண்டும். பதுங்குவதற்கும் விலை உண்டு என்னும் அந்த அரிய விதி ‘சோல்காலிபரில்’ நீக்கப்பட்டது. ஆட்டம் விரைவும் ஒழுக்கும் பெற்றது; ஆயுதத்தை இழந்துவிடுவோம் என்னும் அச்சம் போயிற்று. இது ஈடு செய்யப்படாத இழப்பே.

கதைப்போக்கைப் பற்றி விரித்துரைக்க ஒன்றுமில்லை. 16ஆம் நூற்றாண்டில் ஒரு தீய வாளை நாடிப் பலரும் அலைகின்றனர் என்பதோடு அது முடிகின்றது. ஒருவன் மட்டும் விதிவிலக்கு. அவன் ஜப்பானிய வாள்வீரன் மிட்சுருகி. 1543இல் போர்ச்சுகீசியர் வழியாகத் தனேகாஷிமா தீவுக்கு வந்த துப்பாக்கி, வாட்கலையையே பயனற்றதாக்கிவிடுமோ என்பது அவன் கவலை. ‘சோல் எட்ஜ்’ இறுதியில் அவனைத் துப்பாக்கிக்காரன் முன் நிறுத்தி, குண்டுக்கு விலகும் பொறுப்பை ஆடுபவன் கையிலேயே தந்தனர். ஆயுதம் என்றால் என்ன என்று வினவிய ஒரே காட்சி அது. பெண் பாத்திரங்களின் உடையோ, வாளுக்கு எதிரே நிற்கப் போகிறவர்க்கு எவரும் அணிவிக்காத உடை. பின்வந்த பதிப்புகளில் ஐவிக்கு அது மேலும் சுருங்கிற்று. தனியே ஆடுவார்க்கென டிரீம்காஸ்ட் பதிப்பில் வைக்கப்பட்ட பணிகள் பாராட்டுக்குரியன. நஞ்சேறிய உடலோடும் பெருங்காற்றிலும் போரிடச் செய்து, கற்றதைச் சோதிக்கின்றன.

2018இல் வெளிவந்த ஆறாம் பதிப்பு, வந்த அடியைத் தாங்கித் திருப்பித் தாக்கும் ஒரு புதிய பொத்தான் முறையைக் கொணர்ந்தது. அத்தாக்கு பட்டதும் காலம் மெல்ல நகரும். இருவரும் ஒருவர்க்கொருவர் தெரியாமல் ஓர் அடியைத் தேர்வர். சிறுவர் கல், காகிதம், கத்தரிக்கோல் என ஆடுவதுபோல் வெற்றி தோல்வி அமையும். காண்பதற்கு அழகே. அதை முறிக்கும் அடிகளும் விலகும் வழிகளும் உள்ளன என்பதும் உண்மை. ஆயினும் ஒருமுறை அது தொடங்கிவிட்டால், அச்சில நொடிகளுக்குக் கிலிக்கின் நெடுங்கம்பும் டாக்கியின் குறுவாளும் ஒரே நீளத்தனவாகிவிடுகின்றன.