நிழற்படக் கலையும் தோட்டத்து இளைஞரும்

பதுளை, மொனராகலைப் பகுதிகளின் தோட்டங்களில் வளரும் இளைஞருக்கு நிழற்படக் கலையின் வாயிலாக வழிகாட்ட விழைவோர், முதற்கண் ஓர் உண்மையை உணர்தல் வேண்டும். மலையகத் தமிழர் நிழற்படத்துக்குப் புதியவர் அல்லர். ஆயின், நெடுங்காலமாக அவர் படத்தில் அகப்பட்டவரேயன்றிப் படம் எடுத்தவர் அல்லர்.

1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் இங்கேயே மறைந்த ஜூலியா மார்கரெட் கமரோன் என்னும் ஆங்கிலப் பெண்மணி, தோட்டத் தொழிலாளரையும் படம் பிடித்தார். இங்கிலாந்தில் அவர் எடுத்த படங்களிலே டெனிசனும் டார்வினும் பெயரோடு விளங்குகின்றனர். இலங்கைப் படங்களில் உள்ளோரோ பெரும்பாலும் பெயரற்றவர். பின்னர் எழுந்த தேயிலை விளம்பரங்கள் கொழுந்து பறிக்கும் பெண்ணின் புன்னகையைக் காட்டின. அவள் வாழ்ந்த லயத்தைக் காட்டவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராகி, 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இந்தியா சென்றோர்க்குக் கடவுச்சீட்டுப் படமே பிரிவின் சின்னமாயிற்று. ஆதலின், அவர்தம் வழித்தோன்றல் கையிற் படக்கருவி வருதல் சிறு செயலன்று.

ஆயினும், கருவியைக் கொடுத்தல் மட்டும் போதுமா? கல்கத்தாவின் சோனாகாச்சியில், பாலியல் தொழில் புரியும் மகளிரின் பிள்ளைகளுக்கு ஸானா பிரிஸ்கி நிழற்படக் கலை கற்பித்தார். அவரும் ரொஸ் கௌஃப்மனும் அதுபற்றி 2004இல் வெளியிட்ட 'போர்ன் இன்டு பிராத்தல்ஸ்' என்னும் விவரணப்படம், 2005இல் ஒஸ்கார் விருது பெற்றது. பிள்ளைகள் தாம் எடுத்த படங்களை ஆராய்ந்து, தேர்ந்து, வாதிடும் காட்சிகளே அதன் உயிர்நிலை. ஆயின் கதை செல்லச் செல்லப் பிள்ளைகளின் பார்வை பின்தள்ளப்பட, அவர்களை மீட்க முயலும் ஆசிரியையே தலைவியாகிறார். அன்னையரின் கடுமொழி விரிவாக இடம்பெறுகிறது. அவர்கள் தமக்கென அமைத்து நடத்தும் தர்பார் மகளிர் சங்கத்தின் பணி பேசப்படவில்லை. பிள்ளையை உயர்த்தத் தாயைத் தாழ்த்துவது கல்வியாகாது.

தமிழ்நாட்டிற் பழனி குமாரின் பணி வேறொரு நெறியைக் காட்டுகின்றது. மீன் விற்கும் தாயின் மகனான அவர், 2017இல் வெளிவந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். மீனவர், துப்புரவுத் தொழிலாளர் ஆகியோரின் பிள்ளைகளுக்கு அவர் இக்கலையைப் பயிற்றுகின்றார். பெற்றோரின் உழைப்பே அம்மாணவரின் பொருள். எடுத்தவர் பெயருடனேயே அவர்தம் படங்கள் வெளிவருகின்றன. இங்கு ஆசிரியர் மீட்பர் அல்லர். அதே வழியில் முன் நடந்தவர்.

ஊவாவுக்கு ஏற்றது இந்நெறியே. இளைஞன் எடுத்த படங்களுள் எது வெளிவரல் வேண்டும் என்பதை அவனே தேர்தல் வேண்டும்; அதன்கீழ் வரும் சொற்களை அவனே எழுதுதல் வேண்டும். படத்தில் நிற்கும் தாயின் இசைவைப் பெறவும், அவள் பெயரைப் பொறிக்கவும் அவன் பழகுதல் வேண்டும். இரப்பர்ப் பால் வெட்டும் தந்தையையும் கொழுந்து நிறுக்கும் இடத்தில் வரிசையாக நிற்கும் பெண்களையும் அவன் அறிந்தவாறு விருந்தினர் அறியார். காண்போரின் இரக்கத்தைப் பெறுதல் எளிது. படத்தில் உள்ளவர் அதனைக் கண்டு, 'இது நான்தான்' என ஒப்புதலே அரிது. இக்கல்வியின் வெற்றியை அவ்வொப்புதல் கொண்டே மதிப்பிடல் தகும்.