காற்றில் வந்த பள்ளி

சென்னை நகர வரலாறு என்று நம் கைக்கு வரும் ஏடுகளைப் புரட்டினால் கோட்டை வருகிறது, கோமான்கள் வருகிறார்கள், ஸ்பென்சர் வருகிறது, பின்னி வருகிறது. பின்னி ஆலையில் நூல் நூற்ற கை மட்டும் வருவதில்லை! 1918 ஏப்ரலில் எழுந்த சென்னைத் தொழிலாளர் சங்கத்துக்கு அடிக்குறிப்பு கிடைத்தால் அதுவே பெரும்பேறு.

வானொலிக்கும் இதே கதிதான். 1924-ல் கிருஷ்ணசாமி செட்டியார் முதலானோர் கண்ட வானொலிக் கழகம், பொருள் முட்டுப்பாட்டால் 1927-ல் ஓய்ந்தது. அதன் கருவியைப் பெற்ற மாநகராட்சி 1930 முதல் ஒலிபரப்பிற்று. இசை மட்டுமா? மாநகராட்சிப் பள்ளிச் சிறார்க்குப் பாடமும் சொல்லிற்று. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தனர். பெட்டி வாங்க வகையற்றவனும் நின்று கேட்டான். சபா மண்டப வாயிலைத் தாண்டாத இசை, நுழைவுச் சீட்டுக் கேளாமல், சாதி கேளாமல் அவன் செவிக்கு வந்தது. புரட்சி அன்றோ அது!

இதை ஒரே வரியில் தள்ளிவிட்டு, 1938 ஜூனில் அனைத்திந்திய வானொலி இங்கு நிலையம் திறந்ததைப் பக்கம் பக்கமாக வரைகிறார்கள். தில்லியின் கை பட்டால்தான் வரலாறு பிறக்குமோ? ஊர் வரிப்பணத்தில் எட்டாண்டு பேசிய நிலையமாயிற்றே, அது எந்தப் பாடத்தை, எந்தத் தமிழில் சொல்லிற்று? நாள்தோறும் கரும்பலகை முன் நிற்கும் நமக்கு முதலில் எழும் கேள்வி இது. நூலாசிரியர்களுக்கு எழவேயில்லை.