கூட்டுத் தொகுப்பும் பாடவேறுபாடும்: தமிழ்க் கலைக்களஞ்சியப் பணியில் விக்கி மென்பொருள்

திறவுச்சொற்கள்: விக்கி, கலைக்களஞ்சியம், கூட்டுழைப்பு, வில்லுப்பாட்டு, பாடவேறுபாடு

முன்னுரை

கலைக்களஞ்சிய ஆக்கத்தில் தமிழ் மூன்று வகை உழைப்பு முறைகளைக் கண்டுள்ளது. ஆ. சிங்காரவேலு முதலியார் பெரும்பாலும் தனியராய் உழைத்துத் தொகுத்த அபிதான சிந்தாமணி 1910இல் வெளிவந்தது. பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக நிறைவுற்றது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா ஊதியம் பெறாத தன்னார்வலரால் வளர்கிறது. இம்மூன்றாம் முறையில் மென்பொருளே பணியைப் பங்கிடும் அமைப்பாகச் செயற்படுகிறது. அவ்வமைப்பு நாஞ்சில் நாட்டு வாய்மொழி மரபுக்கு எந்த அளவு பொருந்தும் என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

திட்டமிடலும் திருத்தமும்

அச்சுக் களஞ்சியத்தில் தலைப்பு வகுத்தல், வல்லுநரிடம் எழுதி வாங்குதல், செப்பம் செய்தல், அச்சிடுதல் என்பது வரிசை. பிழையைக் களைய அடுத்த பதிப்போ பிற்சேர்க்கையோ வரவேண்டும். 1995இல் வார்டு கன்னிங்காம் அறிமுகப்படுத்திய விக்கி இவ்வரிசையை மாற்றியது. வெளியீடு முன்னும் திருத்தம் பின்னும் நிகழ்கின்றன. எழுதப்படாத தலைப்புக்கான சிவப்பு இணைப்பு, எவரும் ஏவாமலே அடுத்த வேலையைச் சுட்டுகிறது. வரலாற்றுப் பக்கம் ஒவ்வொரு மாற்றத்தையும் அதைச் செய்தவரையும் காட்டுகிறது. கருத்து மாறுபாடு உரையாடல் பக்கத்தில் விவாதிக்கப்படுகிறது. ஆசிரியர் அலுவலகத்தின் பணிகள் பல இவ்வாறு மென்பொருளின் உறுப்புகளாகிவிட்டன.

ஆயினும் அதே மென்பொருள் வேறு அதிகார அமைப்புக்கும் இடமளிக்கும். நாகர்கோவிலில் வாழும் எழுத்தாளர் ஜெயமோகனின் முன்னெடுப்பில் 2022இல் தொடங்கிய தமிழ் விக்கி, ஆசிரியர் குழுவின் மேற்பார்வையில் பக்கங்களை இறுதி செய்கிறது. தூரன் கால ஆசிரியர் அலுவலகம் புதிய தளத்தில் மீண்டும் அமைந்தது எனலாம். விக்கிப்பீடியாவில் வெளியிடப்பட்ட சான்றும் பங்களிப்பாளர் இசைவும் முடிவு செய்வதை, இங்கு ஆசிரியர் குழுவின் புலமை முடிவு செய்கிறது.

ஒரு பொருள், ஒரு பக்கம்

இரு தளங்களும் ஒரு பொருளுக்கு ஒரு பக்கம் என்னும் நெறியைப் பகிர்ந்துகொள்கின்றன. வில்லுப்பாட்டு இந்நெறிக்கு எளிதில் அடங்குவதில்லை. புலவர் முன்பாட, உடனிருப்போர் ஏற்றுப் பாடும் இக்கலையும் கூட்டுழைப்பே. கோயிலும் கேட்போரும் மாறுகையில் கதையும் மாறுகிறது.

முத்துப்பட்டன் கதை தக்க சான்று. பார்ப்பனனாகிய முத்துப்பட்டன், சக்கிலியர் குலத்துப் பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணந்து அக்குலத் தொழிலை ஏற்கிறான். அப்பெண்கள் பிறப்பால் பார்ப்பனரே என்று கூறும் வடிவமும் உண்டு. 1971இல் மதுரைப் பல்கலைக்கழக வெளியீடாக இக்கதையைப் பதிப்பித்த நா. வானமாமலை, அவ்வடிவத்தைச் சாதிக் கலப்பு மணத்தை ஏற்க மனமில்லாதோர் செய்த மாற்றமாகக் கண்டார். ஆகவே கதைச்சுருக்கத்தில் எவ்வடிவத்தை முதன்மையாக வைப்பது என்பது சமூக நிலைப்பாட்டையும் உள்ளடக்கிய முடிவாகும்.

இவ்விடத்தில் இரு முறைகளின் குறையும் புலப்படுகிறது. வெளியிடப்பட்ட சான்றையே ஏற்கும் நெறியில், அச்சேறிய வடிவம் அச்சேறாத வடிவத்தை எளிதில் மறைத்துவிடும். எவருடைய வடிவம் அச்சேறியது என்ற வினா எழாமலே போகும். ஆசிரியர் குழு முறை களஆய்வாளரின் சொல்லுக்கு இடமளிக்கக்கூடும். ஆனால் ‘இறுதி’ என்னும் குறி முடிவைக் காட்டுமேயன்றி, விடப்பட்ட வடிவங்களையும் விட்டதற்கான காரணத்தையும் தானாகக் காட்டாது. இரண்டிலும் பாடுவோர் தகவல் தருவோராகவே நிற்கின்றனர். தொகுப்பதில் அவர்களுக்குப் பங்கு குறைவு.

முடிவுரை

சுவடிப் பதிப்பாசிரியர்கள் பாடவேறுபாட்டை அடிக்குறிப்பில் காத்தனர். விக்கியின் வரலாற்றுப் பக்கம் தொகுத்தோர் செய்த மாற்றங்களைக் காக்கிறது. பாடியோர் செய்த மாற்றங்களைக் காப்பதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். பாடப்பட்ட கோயில், நாள், பாடுவோர் இசைவுடன் அவர் பெயர், ஒலிப்பதிவு ஆகியவற்றோடு ஒவ்வொரு வடிவத்தையும் இணைப்பக்கமாகத் தருவது இயலக்கூடியதே. மென்பொருள் அதற்குத் தடையாக இல்லை. ஒரே வடிவத்தை விரும்பும் தொகுப்பு மரபே தடை. அதைத் தளர்த்தாதவரை, பலர் கூடி எழுதும் களஞ்சியமும் வாய்மொழி மரபைப் பொறுத்தவரை ஒருவர் எழுதியதாகவே அமையும்.