சொல் காத்தலும் உயிர் காத்தலும்: விவிலியத்தில் மூன்று தலைவர்களின் ஆணைகள்

முன்னுரை

கொடுத்த சொல்லைக் காப்பது தலைவனுக்குரிய அறம் என்பதில் ஐயமில்லை. எனினும், ஆராயாது உரைத்த ஒரு சொல்லைக் காப்பதற்காகப் பிறர் உயிர் பலியாகும்போதும் அஃது அறமாக நிற்குமா? இவ்வினாவைப் பழைய ஏற்பாடு மூன்று தலைவர்களின் வாழ்வில் வைத்துக் காட்டுகிறது. நியாயாதிபதிகள் நூலில் யெப்தாவும், முதலாம் சாமுவேல் நூலில் சவுலும் தாவீதும் போரின் விளிம்பில் நின்று அவசர ஆணையிடுகின்றனர். மூவர் ஆணையும் மூவேறு முடிவுகளை எய்துகின்றன. அவ்வேறுபாட்டின் காரணத்தைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பெயர்களைப் பழைய தமிழ் மொழிபெயர்ப்பின் வழக்கிலேயே ஆளுகிறோம்.

யெப்தாவின் பொருத்தனை

யெப்தா சொல்வன்மை மிக்கவன். பரத்தையின் மகன் என்று உடன்பிறந்தோரால் துரத்தப்பட்டவன். அம்மோனியர் படையெடுத்தபோது கீலேயாத்தின் மூப்பர்கள் அவனையே தேடி வருகின்றனர். தலைமைப் பதவியை உறுதிசெய்துகொண்ட பின்னரே அவன் அவர்களுடன் செல்கிறான். அம்மோன் அரசனிடமும் உடனே வாளை எடுக்கவில்லை; தூதரை அனுப்பி, 300 ஆண்டு வரலாற்றை எடுத்துக்கூறி வழக்காடுகிறான். இத்தகையவன், போருக்குப் புறப்படும் வேளையில் இறைவனோடும் பேரம் பேசுகிறான். வெற்றி கிட்டினால், திரும்பி வரும்போது தன் வீட்டு வாயிலிலிருந்து எதிர்கொண்டு வருவதைச் சர்வாங்க தகனபலியாகச் செலுத்துவதாகப் பொருத்தனை பண்ணுகிறான். எதிர்கொண்டு வந்தவள் அவனுடைய ஒரே மகள்.

இங்குக் கதை அமைப்பில் ஒன்றை உற்று நோக்க வேண்டும். இறைவனின் ஆவி யெப்தாவின்மேல் இறங்கியதாக 11:29 கூறுகிறது. பொருத்தனை அதன் பின்னரே, 11:30-இல் வருகிறது. அருள் முன்னரே கிடைத்துவிட்டது. விலை பேச வேண்டிய தேவையே எழவில்லை. இச்செய்தியை விளக்கவுரை ஏதுமின்றி, நிகழ்ச்சிகளின் வரிசையாலேயே நூலாசிரியர் உணர்த்துகிறார். தமிழ் மொழிபெயர்ப்புகளும் இங்குக் கருதத்தக்கன. பழைய மொழிபெயர்ப்பு ‘பொருத்தனை’ என்னும் சொல்லை ஆள, 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் ‘நேர்ச்சை’ என்கிறது. பின்னது பக்தியைச் சுட்ட, முன்னது நம் செவிக்கு உடன்படிக்கையை நினைவூட்டுகிறது. யெப்தாவின் செயலுக்கு முன்னதே பொருந்துவதாகக் கருதுகிறோம்.

மீள வழியே இல்லையா? மனிதப் பலியை உபாகமம் வெளிப்படையாகக் கண்டிக்கிறது. பொருத்தனையாக நேர்ந்துகொள்ளப்பட்டவரைப் பணம் செலுத்தி மீட்கும் முறையை லேவியராகமத்தின் 27-ஆம் அதிகாரம் வகுக்கிறது. 5 வயது முதல் 20 வயது வரையிலான பெண்ணுக்கு விலை 10 சேக்கல். யெப்தா இவற்றில் ஒன்றையும் நாடவில்லை, யாரையும் கலந்துகொள்ளவுமில்லை. தன் வாயைத் திறந்துவிட்டதாகவும், இனி மாற்ற இயலாதெனவும் கூறுகிறான். தன்னைத் துயரத்தில் ஆழ்த்தியவள் என மகளையே குறைகூறுகிறான்.

யூதரின் மித்ராஷ் உரைமரபு இவ்விடத்தில் ஒரு கூரிய விளக்கம் தருகிறது. பொருத்தனையை நீக்கும் அதிகாரம் ஆசாரியனாகிய பினெகாசுக்கு இருந்ததாம். தேவையுள்ளவன் தன்னிடம் வரட்டும் என அவன் இருந்தான். படைத்தலைவனாகிய தான் அவனிடம் செல்வதா என யெப்தா இருந்தான். இருவர் மதிப்புக்கும் இடையில் பெண் மாண்டாள். அவள் பலியிடப்படவில்லை, கன்னியாகவே ஒதுங்கி வாழ்ந்தாள் என்று இடைக்கால உரையாசிரியர் தாவீது கிம்கி கொள்வதுமுண்டு. அவ்வாறு கொள்ளினும், தந்தையின் சொல்லுக்குரிய விலையை மகளே செலுத்தினாள் என்பது மாறவில்லை.

சவுலின் சாபம்

சவுல் பெலிஸ்தரோடு பொருத நாளில், மாலைக்குள் உணவு உண்பவன் சபிக்கப்பட்டவன் என்று படையினரை ஆணைக்குள்ளாக்குகிறான். தன் பகைவர்மேல் தான் பழிவாங்கும் வரை என்பது அவன் விதித்த எல்லை. மக்களின் போர் இங்கு மன்னனின் சொந்தப் பகையாகச் சுருங்குகிறது. ஆணையைக் கேட்டிராத அவன் மகன் யோனத்தான், கோல்நுனியால் காட்டுத்தேனைத் தொட்டு உண்ண, அவன் கண்கள் தெளிவடைகின்றன. செய்தி அறிந்ததும், தந்தை நாட்டைக் கலங்கப்பண்ணினார் என்று அவன் தயங்காமல் உரைக்கிறான். பசியால் சோர்ந்த வீரர்களோ, மாலையில் கொள்ளைப்பொருளின்மேல் பாய்ந்து, விலக்கப்பட்ட இரத்தத்தோடு இறைச்சியை உண்கின்றனர். பக்தியின் பெயரால் இட்ட ஆணை பெருங்குற்றத்துக்கே வழிவகுத்தது.

சீட்டு யோனத்தான்மேல் விழ, சவுல் அவனைக் கொல்ல மீண்டும் ஆணையிடுகிறான். யெப்தாவின் கதையில் காணாத ஒன்று இங்கு நிகழ்கிறது. மக்கள் குறுக்கே நிற்கின்றனர். வெற்றி தந்தவனின் தலைமயிர் ஒன்றும் தரையில் விழாது எனச் சூளுரைத்து அவனை மீட்கின்றனர். மகன் பிழைத்தான். ஆயினும், மன்னன் மனம் வருந்தியதாக நூல் ஒரு சொல்லும் கூறவில்லை.

தாவீதும் அபிகாயிலும்

தாவீதின் கதை இவ்விரண்டையும் நிறைவுசெய்கிறது. செல்வனாகிய நாபால் தன் ஆட்களை இகழ்ந்ததால் சினங்கொண்டு, பொழுது விடிவதற்குள் அவன் வீட்டு ஆண்கள் அனைவரையும் அழிப்பதாகத் தாவீது ஆணையிட்டு, 400 பேருடன் புறப்படுகிறான். நாபாலின் மனைவி அபிகாயில் 200 அப்பங்கள், ஐந்து ஆடுகளின் இறைச்சி முதலியவற்றோடு வழியில் எதிர்ப்படுகிறாள். வருங்கால அரசனின் மனச்சான்றில் வீண் இரத்தப்பழி தங்கலாகாது என்பதே அவள் வாதம். தாவீது செவிமடுக்கிறான், தன்னைத் தடுத்த அவளை வாழ்த்துகிறான், ஆணையைக் கைவிடுகிறான். ஆணையை மீறியதற்காக நூல் அவனை எங்கும் பழிக்கவில்லை.

ஒரு மறுப்பு

தனக்கு நட்டம் வரினும் ஆணை தவறாதவனை 15-ஆம் சங்கீதம் போற்றுகிறதே, எபிரெயர் நிருபமும் யெப்தாவை விசுவாச வீரருள் ஒருவனாக எண்ணுகிறதே என வினவலாம். நிருபம் புகழ்வது அவன் விசுவாசத்தை. பொருத்தனையை அது குறிப்பிடவேயில்லை. சங்கீதம் போற்றுவதோ, நட்டத்தைத் தானே ஏற்பவனை. யெப்தாவும் சவுலும் அந்நட்டத்தைத் தம் மக்கள்மேல் சுமத்தினர். இவ்வேறுபாட்டை மறந்து சங்கீதத்தை அவர்களுக்குச் சான்றாக்குதல் பொருந்தாது.

முடிவுரை

மூவரும் அவசரப்பட்டவர்களே, அவசரம் அவர்களை வேறுபடுத்தவில்லை. யெப்தாவைத் தடுக்க யாரும் எழவில்லை. அவனும் யாரையும் நாடவில்லை. சவுலைப் பிறர் தடுத்தனர். தாவீதோ தடுத்த குரலுக்குத் தானே இணங்கினான். தலைமையின் ஞானம், தன் சொல்லைத் தடுக்க வரும் குரலுக்கு இடமளிப்பதில் வெளிப்படுகிறது என்பதே இக்கதைகளை ஒருங்கு நோக்கும்போது நாம் பெறும் முடிவு. யெப்தாவின் மகளுக்கு நூல் பெயரும் தரவில்லை. ஆண்டுதோறும் நான்கு நாள் இஸ்ரவேலின் குமாரத்திகள் அவளுக்காகப் புலம்பினர் என்பதை மட்டும் அது பதிவுசெய்கிறது. உரிய நேரத்தில் எழாத குரல், அப்பெண்களின் புலம்பலாகவே பின்னர் ஒலித்தது.